உயிரோடு இருந்தவளின் படத்துக்கு மாலை

அம்மா,

உன் படம் இன்று என் செங்காங் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. இரட்டைச் சடையும் தாவணியுமாக நீ நிற்கிற பழைய படம். கண்ணாடியில் உன் நெற்றிக்கு நேராகச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கறுத்து ஒட்டியிருக்கின்றன. காலையில் இதைக் கொண்டுவந்தவன் உன் அண்ணன் மகன். சிராங்கூன் ரோட்டு மண்டபம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை குடும்ப விழாவாம். அந்தக் காலத்திலேயே மதம் பாராமல் பெண்ணைக் கட்டிக்கொடுத்த குடும்பம் என்று உன் படத்துக்குக் கீழே எழுதப்போகிறார்களாம். நான் மேடையேறி நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் கட்டிக்கொடுத்தது? வெள்ளைக்காரன் காலத்தில் நீயும் முஸ்லிமான என் அத்தாவும் யாருக்கும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டீர்கள். மகளைத் தலைமுழுகினால்தான் கோயிலில் மரியாதை என்று பெரிய மனிதர்கள் வந்து சொன்னார்கள். உன் அப்பா தலைமுழுகினார். உயிரோடிருந்த உனக்குக் கருமாதியும் நடந்தது. இந்தப் படத்தை மாட்டிப் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். நீயோ இரண்டு தெரு தள்ளி அத்தாவுக்கு மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாய். அத்தா வீட்டாரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இனி ஊர்ப்பக்கம் தலைகாட்டாதே என்று அவருடைய அண்ணன் ஊரிலிருந்து கப்பலில் வந்தவரிடம் சொல்லியனுப்பினார்.

உன் அப்பா இறந்த அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். எனக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. வாசலிலேயே உன் அண்ணன் மறித்தார்.

“செத்தவளுக்கு இங்க என்ன வேலை?” என்றார்.

அவர் தோளுக்குப் பின்னால் சுவரில் இந்தப் படத்தைப் பார்த்தேன். மாலை புதிதாக இருந்தது. தகப்பனுக்கு வாங்கியபோது உனக்கும் சேர்த்தே வாங்கியிருப்பார்கள். நீ வீட்டு முன் கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் ஒதுங்கி நின்று, பாடை போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாய். உன் படத்துக்கு ஏன் மாலை என்று திரும்பி வரும்போது கேட்டேன்.

“நான் செத்துட்டேனாம்டி.”

பூக்கடையில் நின்று ஒரு முழம் மல்லிகை வாங்கினாய். துக்க நாளில் பூ வைக்கலாமா என்று கடைக்காரர் தயங்கினார். “செத்தவளுக்கு ஏதுங்க துக்கம்?” என்று சொல்லித் தலையில் வைத்துக்கொண்டாய். வீடு வந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாய். அதன்பிறகு அந்த வீட்டைப் பற்றி நீ பேசியதே இல்லை.

உனக்கு எப்படியம்மா அவ்வளவு பொறுமை? எனக்கு அது வரவில்லை. நீ நிஜமாகவே போனபோது அவர்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் கணக்கில் அது முடிந்துபோன சாவு. இன்றைக்கு நீ பெருமைக்கு வேண்டியிருக்கிறாய்.

இந்தப் பொட்டு எப்போது வைத்தது தெரியுமா என்று காலையில் படம் கொண்டுவந்தவனைக் கேட்டேன். “செத்தப்புறம் வச்சதுதானே அக்கா?” என்றான். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். காபியைத் தள்ளி வைத்தான். பிறகு மெல்ல, “பழசெல்லாம் இப்ப எதுக்கு லா? கண்ணாடியத் தொடச்சு புது பிரேம் போட்டுடறேன்” என்று கை நீட்டினான்.

படத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். “தொடைக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை நானே எடுத்துட்டு வரேன்.”

அப்படியே கொண்டுபோகப் போகிறேன், பொட்டும் அழுக்குமாக. உன்னைப் போலத் தலை நிறைய மல்லிகை வைத்துக்கொள்வேன். நீ விழுங்கிய கோபமெல்லாம் என்னிடம்தான் இருக்கிறது. அன்று நீ வாசலோடு திரும்பினாய். நான் மேடை ஏறுவேன். இந்தப் படத்துக்கு இவர்கள் மாலை போட்ட அன்று, என் அம்மா தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தாள் என்றுதான் பேச்சைத் தொடங்கப் போகிறேன்.