அப்பாவிடம் சொன்ன பொய்

அப்பா, பல்கலைக்கழகத்திலிருந்து உங்கள் பெட்டி இன்று காலை வந்து சேர்ந்தது. திறந்ததும் அந்துருண்டை வாசனை. மேலாக உங்கள் கறுப்பு அங்கி. அதன் கையில் ஒரு பஞ்சுத் துகள்கூட ஒட்டியிருக்கவில்லை. அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

சேலத்தில் நூல் ஆலை நடத்தியபோது உங்கள் சட்டையில் பஞ்சு இல்லாத நாளே கிடையாது. ஆத்தூரிலிருந்து பஞ்சுப் பொதி வந்தால் முழங்கை வரை கையை உள்ளே விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இழுத்துப் பார்ப்பீர்கள். "மேல எல்லாருமே நல்ல பஞ்சைத்தான் வெப்பாங்க சாமி" என்பீர்கள்.

துணைவேந்தராக உங்களை அழைத்தபோது ஊரே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். "பஞ்சு யாவாரிக்கு அங்கி தெச்சுட்டாங்க பாரு!" அங்கேயும் உங்கள் வழக்கம் மாறவில்லை என்று கார் ஓட்டுபவர் வந்து சொல்வார். விடுதிக்குப் போனால் சமையலறையில் நின்று பிள்ளைகளின் சோற்றையே வாங்கிச் சாப்பிடுவீர்களாம். வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரனிடம்தான் பேச்சுக் கொடுப்பீர்களாம்.

நான் வயதுக்கு வந்ததும் என் பள்ளிக்கூடம் நின்றது. நீங்கள் அப்போது ஊரில் இல்லை. விடுமுறைக்கு வந்தவர், பட்டமளிப்பு விழாவுக்கு எழுதியிருந்த உரையை என்னை வாசிக்கச் சொன்னீர்கள். கதவோரம் நின்று வாசித்தேன்.

"இந்த வரி நீளமுங்கப்பா, மூச்சு வாங்குது."

உடனே பேனாவை எடுத்து வெட்டினீர்கள். பிறகு மெதுவாக, "மறுபடி பள்ளிக்கோடம் போறியா கண்ணு?" என்று கேட்டீர்கள்.

எதிரே அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "ஆமாண்ணா, சமஞ்ச புள்ள போயி கலெக்டர் வேலைதான் பாக்கப் போறா!"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "வேண்டாமுங்கப்பா. ஊட்டுலயே இருந்துக்கறனுங்க" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுக் காகிதத்தை மடித்தீர்கள். ஒரு பொதியையும் மேலாக நம்பாத நீங்கள், நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டீர்கள். இன்னொரு தடவை கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

பொங்கலுக்கு வரும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வாய் குழறக்கூடாதே என்று மாட்டுக் கொட்டகையில் நின்று பசுவிடம் சொல்லிப் பழகினேன். பொங்கலுக்கு முன்பே தந்தி வந்துவிட்டது.

உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, உங்கள் கையால் பட்டம் வாங்கியவர்கள் வரிசையாக வந்து காலைத் தொட்டார்கள். நான் உள்ளறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

என்னோடு படித்தவர்கள் இந்தப் பங்குனியில் பரீட்சை எழுதப் போகிறார்கள். "பள்ளிக்கோடம் போறனுங்கப்பா." இப்போது குழறாமல் சொல்ல வருகிறது. கேட்கத்தான் யாரும் இல்லை.