டிரையர் அடித்த காசு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. உடம்பு நோவில்லாமல் இருக்கிறாயா கண்ணு? இங்கே உன் அம்மா சுகம், அவளுடைய முட்டி வலியும் சுகம், நான்தான் நன்றாக இல்லை. போன கடிதத்தில், நாணயச்சாலையிலேயே தப்பாக அச்சான காசு ஒன்று கையில் சிக்கியிருக்கிறது, நம் கஷ்டம் தீர்ந்தது, அந்த முதலாளியம்மா மூஞ்சியில் ராஜினாமாவை வீசிவிட்டுக் கிளம்பி வா என்று பெரிய இவன் மாதிரி எழுதினேனே, வீசிவிடாதே தாயே.

பழைய நாணயக் கடையில் உன் வயதுப் பெண் ஒருத்தி லென்ஸ் வைத்துப் பார்த்தாள். மற்ற காசைவிடச் சின்னது, விளிம்பு தடிப்பு, இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதானே. தராசில் வைத்தாள், எடை மட்டும் சாதாரணக் காசின் எடையேதான். விளிம்பு மடிஞ்சு எழுத்துமேல படுத்திருக்கு பாருங்க ஐயா, அப்போ எழுத்து முதல்ல, அடி அப்புறம்தானே, இது அச்சுப் பிழை இல்ல, வெளியில வந்து அடிபட்டது என்றாள். அப்புறம், நீங்க எங்க வேலை பாக்குறீங்க என்று கேட்டாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் என்றேன். துணி காயவைக்கிற டிரையருக்குள்ள மாசக்கணக்கா உருண்டா காசு இப்படித்தான் ஆகும் என்றாள். ஐயோ! நாலாம் நம்பர் டிரையரில் டொக் டொக்கென்று சத்தம் என்று மெக்கானிக்கைப் பிடித்து இழுத்து வந்தவனே நான், அவன் டிரம்மைக் கழற்றியபோது கீழே விழுந்த காசைப் பொறுக்கியவனும் நான். இருபது வருடம் அந்த டிரையரோடு மாரடித்த எனக்கு இது உறைக்கவில்லையே, எனக்கெல்லாம் எதற்கு மூளை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, என்னங்க சொன்னாங்க என்று ஓடிவந்தாள். கடை பூட்டியிருந்துது என்று சொல்லிவிட்டேன். மூன்று நாளாக அதே பொய். அவளோ உன் அறைக்குத் திரை தைத்து மாட்டிவிட்டாள், பக்கத்து வீட்டில் கட்டில் கேட்டிருக்கிறாள், புள்ள வர்றா என்று தெருவெல்லாம் சொல்லியாயிற்று. அவள் முகத்தைப் பார்த்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கேயே இருக்கப் பிடித்துவிட்டது, இப்போதைக்கு வரவில்லை என்று நீயே அவளுக்கு ஒரு வரி எழுதிவிடேன். அப்பன் கேட்கக் கூடாததுதான், ஆனாலும் கேட்கிறேன்.

எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். மறக்காதே, ராஜினாமா கொடுத்துவிட்டிருந்தால் அந்த அம்மா காலில் விழுந்தாவது திரும்ப வாங்கிவிடு. யார் காலிலும் விழாதே என்று உன்னை வளர்த்தவன்தான் எழுதுகிறேன்.

உன் அப்பா