மொகிலி மேட்டில் நின்றுபோன விசில்

மாமா,

நேற்று நம் மகள் சுமதி என்னைத் திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு காதுக்கும் மெஷின் வைத்துவிட்டாள். கடையை விட்டு வெளியே வந்தால் ஒரே இரைச்சல். செருப்பு தேய்கிற சத்தம், யாரோ பிளாஸ்டிக் பையைப் பிரிக்கிற சத்தம், என் புடவையே நடக்க நடக்க உரசுகிற சத்தம். இதெல்லாம் சத்தம் போடும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அப்போது சிக்னலில் நின்றிருந்த ஒரு லாரி கிளம்பியது. முதலில் இஞ்சின் உறுமியது. அது எனக்கு எப்போதும் கேட்பதுதான். அதற்கு மேலே, மெல்லிசாக, ஒரு விசில் எழுந்தது. ஏறிக்கொண்டே போய், டிரைவர் கியர் மாற்றியதும் சட்டென்று அடங்கி, மறுபடி எழுந்தது. நான் நடைபாதையிலேயே நின்றுவிட்டேன்.

"நடம்மா, பின்னாடி ஜனம் வந்துகினு கீது," என்றாள் சுமதி.

"டர்போடி," என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் நின்றாள். லாரி ரேணிகுண்டா ரோட்டில் திரும்பி மறைகிற வரை நின்றோம்.

நீ போய் ஒரு வருஷம் முடியப்போகிறது. உனக்கு நான் இதுவரை ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுத வேண்டிய தூரத்தில் நீ இருந்ததே இல்லை. எங்கே லோடு ஏற்றினாலும் நகரி வழியாகத்தான் போவாய். சித்தூரில் மாம்பழக்கூழ் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்துக்குப் போகிற மற்ற டிரைவர்கள் எல்லாம் ராணிப்பேட்டை வழியாகப் போவார்கள். நீ மட்டும் புத்தூர், நகரி என்று வளைந்து வருவாய். கேட்டால், அந்த ரோட்டில் டீ நன்றாக இருக்கிறது என்பாய். நான் தறி ஓட்டுகிற ஷெட் அந்த ரோட்டை ஒட்டி இருக்கிறது என்று யாரிடமும் சொல்ல மாட்டாய்.

ஷெட்டுக்கு முன்னால் ஒரு சின்ன ஏற்றம் உண்டல்லவா? லோடு வண்டியை அதில் ஏற்ற நீ ஆக்ஸிலேட்டரை மிதிப்பாய். உடனே விசில் எழும். விசைத்தறிகளின் தடதடப்பு கீழே ஓடும். உன் விசில் அதற்கு மேலே தனியாக வரும். நான் தறியை நிறுத்திவிட்டு, சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவேன். நீ வண்டியை நிறுத்த மாட்டாய். லோடு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிற அவசரம் எப்போதும் உண்டு. மெதுவாக உருட்டிக்கொண்டே கையை நீட்டுவாய், நான் டப்பாவைக் கொடுப்பேன். "சூடா கீதா?" என்பாய். "துன்னு பாரு," என்பேன். நம் குடும்பம் பல வருஷங்கள் இந்த இரண்டு வார்த்தையில்தான் நடந்தது.

ஒருநாள் நீ வீட்டில் இருந்தபோது, அந்த விசில் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பெரிய ஆளாட்டம் எழுந்து வந்து பானெட்டைத் திறந்து காட்டினாய். நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஓர் இரும்பு. உள்ளே ஒரே தண்டில் இந்தப் பக்கம் ஒரு சக்கரம், அந்தப் பக்கம் ஒரு சக்கரம். "இஞ்சின்லேந்து வெளிய போற பொகை இத்த சுத்துது. இது சுத்தினா அதுவும் சுத்துது. அது காத்த இழுத்து இஞ்சினுக்குள்ள தள்ளுது. வீணாப் போற பொகைதான் செல்வி, வண்டியை மேட்டுல ஏத்துது," என்றாய். அந்தச் சக்கரம் காற்றை வெட்டுகிற சத்தம்தான் விசில் என்று உன்னிடம்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு ஒரு மாம்பழ சீசனில் நான் வாசலுக்கு வராமல் போனேன். உன் வண்டி போனதே எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் சென்னையிலிருந்து போன் செய்து, "இன்னா செல்வி, ஷெட்டுல இல்லியா நீ?" என்றாய். இருந்தேன் என்றேன். அடுத்த முறையும் அப்படியே ஆனது. அதற்கடுத்த முறை நீ ஹாரன் அடித்தாயாம். அந்த ரோட்டில் யார்தான் ஹாரன் அடிக்கவில்லை? நான் தலையைத் தூக்கவே இல்லை. டப்பாவில் இருந்த சோற்றை நானே தின்றேன். உனக்கு என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். எனக்கு உன் மேல் கோபம் என்று நீ முதலில் நினைத்தாயாம்.

அப்புறம்தான் நீ அந்தக் காரியம் செய்தாய். சித்தூரில் லாரி ஷெட்டுகள் இருக்கிற பக்கம் ஒரு வெல்டரிடம் போய், சைலன்சரை வெட்டி எறிந்துவிட்டு அகலமான குழாயை நேராக வைத்து ஒட்டிக்கொண்டு வந்தாய். டர்போவை அளவுக்கு மேல் சுற்ற விடாமல் பிடித்து வைக்கிற கம்பி ஒன்று உண்டாம். அதையும் முறுக்கி வைத்தாய். முதல் தடவை நீ வந்தபோது ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. எதிர்வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அலறியது. தறி முதலாளி வெளியே வந்து தெலுங்கில் திட்டினார். நான் வாசலுக்கு ஓடி வந்தேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட நீ அப்படிச் சிரிக்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காலேஜ் பசங்க பைக்குல பண்ற வேலைய நீ லாரில பண்ணிக்கினு வந்துகீற. வயசு இன்னா ஆவுது உனுக்கு?" என்று கத்தினேன். நீ டப்பாவை வாங்கிக்கொண்டு போனாய். ஏன் என்று சொல்லியிருக்கலாம் நீ. ஒரு வார்த்தை.

அந்தக் கோடை விடுமுறையில் சுமதி உன்னோடு காளஹஸ்தி வரை வண்டியில் வந்தாள். திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: "அம்மா, நைனா வண்டி விசில் மாறிப்போச்சு. முன்னாடி விசிலு மாரி இருக்கும். இப்ப ஊளையிடற மாரி கீது." உன்னிடமும் சொன்னாளாம். "பைப்பு பெருசு, அதான்," என்று தட்டிவிட்டாயாம். எனக்கு எந்தச் சத்தம் மாறியது என்றே புரியவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் அடிவயிற்றில் இடிக்கிற உறுமல் ஒன்றுதான்.

மொகிலி மேட்டில் நடந்ததை நீ எனக்குச் சாதாரணமாகத்தான் சொன்னாய். பெங்களூருக்கு லோடு. நடுமேட்டில் ஊளை பெரிதாகி, சைரன் மாதிரி கத்தி, இரும்பு உரசி, சட்டென்று நின்றது. வண்டிக்கு இழுவை போய்விட்டது. பின்னால் வெள்ளையும் நீலமுமாகப் புகை. அதோடு விட்டதா? உடைந்த டர்போ வழியாக ஆயில் இஞ்சினுக்குள் போய், இஞ்சின் அதையே எரித்துக்கொண்டு, நீ மிதிக்காமலேயே வெறி பிடித்த மாதிரி ஓட ஆரம்பித்தது. சாவியை அணைத்தும் நிற்கவில்லை. டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி, கிளட்சை விட்டு, மூச்சைத் திணறடித்து நிறுத்தினாய். பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி ஓடி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். நீ பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது சட்டையெல்லாம் எரிந்த ஆயில் நாற்றம். சோறு போட்டேன். நீ வாயில் வைக்காமல் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு நான் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனேன். அங்கேயே சிறிது நேரம் நின்றேன்.

இரண்டு நாள் கழித்து நானும் உன்னோடு சித்தூருக்கு வந்தேன். மெக்கானிக் மஸ்தான் டர்போவைக் கழற்றி ஒரு சாக்கின் மேல் வைத்திருந்தார். என்னை எப்போதும் அண்ணி முறை வைத்து வதினா என்றுதான் அழைப்பார். தண்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். ஆடும் பல் மாதிரி ஆடியது. சக்கரத்தின் இதழ்கள் சுவரில் உரசி மழுங்கி, சில முனைகள் உடைந்திருந்தன.

"பாருங்க வதினா," என்றார். "பின்னாடி தடை இல்லன்னா இது இன்னும் வேகமா சுத்தும். விசில் பெருசாத்தான் வரும், கேக்க நல்லாத்தான் இருக்கும். நேர் பைப்பு வெச்ச வண்டியெல்லாம் இப்டி ஆவாது. ஆனா இவரு அந்த ராடு கம்பியையும் முறுக்கிட்டாரு. தாங்கற வேகத்துக்கு மேல சுத்திச்சி. அதுக்கு மேல அந்த வெல்டரு, நடுவுல ஆட்டத்தை வாங்கிக்கிற பெல்லோஸ வெட்டிட்டான். பைப்பு கனம் மொத்தம் டர்போ கழுத்துலதான் தொங்கிச்சி. எத்தினி நாளு தாங்கும்? ஊளை சத்தம் வந்தப்பவே எங்கிட்ட வந்திருந்தா இஞ்சின் வரைக்கும் போயிருக்காது."

"ஏன் மாமா இப்டி பண்ண?" என்று உன்னைக் கேட்டேன். நீ டீ சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டாய்.

மஸ்தான்தான் சொன்னார். "நானும் கேட்டேன் வதினா. வேணாம்னும் சொன்னேன். 'என் விசிலு அவளுக்கு கேக்க மாட்டேங்குது மஸ்தானு, வாசலுக்கு வர மாட்டேன்றா'ன்னாரு. நான் இன்னா சொல்றது?"

நீ டீ கொண்டுவந்தபோது நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தக் கடைக்காரர்கள் எல்லார் முன்னாலும் அழுதிருப்பேன்.

திருப்பதியில் காது டாக்டரிடம் போனது அதற்கடுத்த வாரம். ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, நான் அழுத்தும்போதெல்லாம் தலையாட்டினாய். பல சமயம் நான் அழுத்தவே இல்லை; உன் தலை அப்படியே நின்றது. தறிச் சத்தத்திலேயே வருஷக்கணக்கில் இருப்பவர்களுக்கு இப்படித்தான் ஆகும், மெல்லிய கூர்மையான சத்தங்கள் முதலில் போகும், கனமான சத்தங்கள் கடைசியில்தான் போகும் என்றார் டாக்டர்.

"அப்ப லாரியோட டர்போ விசிலு, சார்?" என்று கேட்டாய்.

டாக்டருக்கு அது விநோதமான கேள்வி. யோசித்துவிட்டு, "அந்த மாதிரி சத்தம்தான் முதலில் போகும்," என்றார்.

பஸ் புத்தூர் தாண்டியது. அப்புறம் என் பக்கம் திரும்பி, நான் உதட்டைப் பார்க்கும்படி மெதுவாகச் சொன்னாய்: "விசிலை பெருசாக்கறேன்னு பண்ணேன் செல்வி. உனக்கு ஏற்கெனவே கேக்கற சத்தத்தைத்தான் பெருசாக்கி வெச்சிருக்கேன்." உன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததும் நீயும் சிரித்தாய். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். டாக்டர் சொன்ன மெஷினை வைத்துக்கொள்ளச் சொல்லி அன்றிலிருந்தே கேட்டாய். ஷெட்டில் எல்லாரும் செவிடி என்பார்கள் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. என் முகத்துக்கு நேராக வந்து நின்று பேசப் பழகிக்கொண்டாய்.

மஸ்தான் வண்டிக்குப் புது டர்போ மாட்டினார். சைலன்சர் பழையபடி வந்தது, பெல்லோஸ் வந்தது, அந்தக் கம்பியும் பழைய அளவுக்கு வந்தது. இஞ்சினுக்கும் வேலை பார்க்க வேண்டியிருந்தது. மிச்ச மாம்பழ சீசன் முழுக்க நம் வண்டி அவர் ஷெட்டில் நின்றது. எடுத்துக்கொண்டு போகும்போது மஸ்தான் உனக்கு ஒரு கண்டிஷன் போட்டார். மேடு ஏறி வந்த வண்டியை வந்த சூட்டில் அணைக்கக் கூடாது. டர்போ பழுக்கக் காய்ந்திருக்கும், சுற்றிக்கொண்டும் இருக்கும். அணைத்தால் ஆயில் வருவது நின்று தண்டு கருகும். கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு, அது ஆறினபிறகுதான் அணைக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நீ ஷெட்டு வாசலில் உருட்டிக்கொண்டே போவதை விட்டுவிட்டாய். ஓரமாக நிறுத்துவாய். இறங்கி உள்ளே வந்து, என் தறிக்கு எதிரே, என் கண்ணில் படுகிற இடத்தில் நிற்பாய். நான் தறியை நிறுத்திவிட்டு உன்னோடு வருவேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கும். "ஆறட்டும், ஏறி உக்காரு," என்பாய். நான் கிளீனர் சீட்டில் ஏறிக்கொள்வேன். இஞ்சினின் அதிர்வு சீட்டு வழியாக முதுகுக்கு வரும். நீ என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, ஒரு வாய் தின்றுகொண்டே பேசுவாய். பாலசமுத்திரத்தில் தோட்டக்காரர்களுக்குக் காய்க்கு விலை கிடைக்காத கதை, துறைமுக வாசலில் வரிசையில் நின்ற கதை, சுமதியை லேப் படிப்புக்கு அனுப்பலாமா என்கிற பேச்சு. அதெல்லாம் அந்தச் சீட்டில் பேசியதுதான். மஸ்தான் சொன்ன நேரத்தைவிட எப்போதும் அதிகமாகவே வண்டி ஓடும். டீசல் வீண் என்று நான் சொன்னால், "இன்னும் ஆறல," என்பாய்.

உன் நெஞ்சு நின்ற அன்று நீ வண்டியில் இல்லை, வீட்டில்தான் இருந்தாய். அதுவரை அந்த டர்போவில் ஒரு குறை வந்ததில்லை. வண்டியை சித்தூர்க்காரர் ஒருவருக்கு மஸ்தானே விற்றுக் கொடுத்தார். சாவியைக் கொடுக்கும்போது, வந்ததும் அணைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். தெரியும் அக்கா என்றார் வாங்கினவர்.

நான் இன்னும் தறிக்குத்தான் போகிறேன் மாமா. காதுக்குப் பஞ்சு அடைத்துக்கொள்கிறேன், சுமதி சத்தம் போடுவாள் என்று. சாயங்காலம் தறியை நிறுத்தினதும் மற்றவர்கள் புடவையை உதறிக்கொண்டு உடனே கிளம்பிவிடுவார்கள். எனக்கு அப்படி எழுந்து போக வரவில்லை. அன்றைக்கு நடந்ததை எல்லாம் உனக்குச் சொல்லிக்கொண்டு, கொஞ்ச நேரம் தறியோரப் பலகையிலேயே உட்கார்ந்திருப்பேன். வாசலில் யாராவது நின்று, "இன்னும் இன்னா பண்ற செல்வி, வர்ல?" என்று கூப்பிடுவார்கள்.

"நீங்க போங்க," என்பேன். "இன்னும் ஆறல."