தோப்பில் நீங்கள் காட்டிய இடம்

நைனா,

கீழே வாட்ச்மேன் சருகைக் கூட்டிக் கொளுத்திவிட்டுப் போயிருந்தார். அது பாதி எரிவதற்குள் தூறல் விழுந்தது. ஈரச் சாம்பலின் வாசனை மூன்றாவது மாடிவரை ஏறி வந்தபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டேன். சித்தூரில் நீங்கள் டூட்டி முடித்து வந்து, வாசலில் பூட்ஸைக் கழற்றும்போது வீட்டுக்குள் நுழைகிற வாசனை அது. அம்மா உங்கள் காக்கிச் சட்டையைத் தனி வாளியில்தான் ஊறவைப்பாள். எவ்வளவு அலசினாலும் முழுதாகப் போகாது.

பேச்சில் உங்களை நீ என்றுதான் சொல்வேன். எழுத உட்கார்ந்தால் நீங்கள் என்று வருகிறது. இருக்கட்டும்.

ஊருக்கெல்லாம் தீபாவளி என்றால் நமக்கு அது மறுநாள். தீயணைப்பு நிலையத்தில் அன்றைக்கு யாருக்கும் லீவு கிடையாது. மறுநாள் காலை வந்து குளித்துவிட்டு, "இப்போ வெடிங்க, நான் கீறேன்ல" என்பீர்கள். நானும் தம்பி சேகரும் வெடிப்போம். நீங்கள் வாளித் தண்ணீரோடு பக்கத்திலேயே நிற்பீர்கள். எதிர்வீட்டு அம்மா வருஷம் தவறாமல் தெலுங்கில் கிண்டல் செய்வாள்: "ஏமி சார், மீ பண்டக ஈரோஜா?" உங்களுக்குப் பண்டிகை இன்றைக்கா என்று. "அவுனம்மா, மாதி லேட்டு பண்டக", ஆமாம்மா, எங்களுடையது லேட் பண்டிகை என்று நீங்களும் வருஷம் தவறாமல் அதே பதிலைச் சொல்வீர்கள். எனக்கு மட்டும் வெட்கமாக இருக்கும்.

உங்களால் வெட்கப்பட்டது அதோடு முடியவில்லை. நான் திருப்பதியில் எம்.ஏ. சேர்ந்ததும் முதல்முறையாக ஹாஸ்டலுக்கு வந்தீர்கள். கையில் சாப்பாட்டு கேரியர். அதை என்னிடம் கொடுப்பதற்கு முன்பே தாழ்வாரம் முழுக்க நடந்து பார்த்துவிட்டு, பின்வாசலில் தொங்கிய பூட்டைப் பிடித்துக்கொண்டு வார்டனிடம், "இதி ஹாஸ்டலா மேடம், ஜெயிலா?" என்றீர்கள். அந்த வருஷம் முழுக்க எனக்கு ஃபயர் இன்ஜின் என்று பெயர். உங்களை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஏறும்போது சொன்னீர்கள், "பேசாத. ஆனா பூட்டைக் கழட்டிட்டாங்க இல்ல?"

அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்தபிறகு சமையல் உங்கள் வேலையாகிவிட்டது. நெடி ஏறினால் அவளுக்கு ஆகாது என்று மிளகாய் கிள்ளித் தாளிப்பதையே நிறுத்தினீர்கள். ரிடையரான பிறகு அவளுக்கு மாத்திரை, வெந்நீர், வாசலில் காற்று வரும் இடத்தில் நாற்காலி என்று உங்கள் நாள் ஓடியது. வெளியே ஒரு கல்யாணத்துக்குக்கூட அவளை விட்டுப் போகவில்லை. "எனக்கு இப்பதான் டூட்டி" என்று சிரிப்பீர்கள்.

அவள் போன மறுவருஷம், வடமாலபேட்டையில் நம் தோப்பில் மாங்காய் இறக்கினோம். சேகர் வண்டி பேசப் போயிருந்தான். நாம் இரண்டு பேரும் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். கிணற்றுப் பக்கம் இருக்கிற பெங்களூரா மாமரத்தைக் காட்டினீர்கள்.

"நான் போனா அந்த மரத்தாண்ட பள்ளம் தோண்டி வெச்சிடு. எரிக்க வேணாம்."

"நம்மள்ல பொதைக்கிற வழக்கம் இல்லியே."

"வழக்கம் தெரிஞ்சிதான் சொல்றேன்."

"செத்தப்புறம் நெருப்பு சுடாது நைனா."

"எனக்குச் சொல்லித் தர்றியா? சுடும்னு சொல்லல. புடிக்கலன்னு சொல்றேன்."

ஒரு மாங்காயைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "உங்கம்மாவுக்குக் கொள்ளி வெச்சப்போ பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். நெருப்பு முன்னால கையில தண்ணி இல்லாம நான் நின்னது அன்னிக்குதான்."

இதைச் சேகரிடம் சொல்லிவிடுங்கள், மகன்தானே செய்யப்போகிறான் என்றேன்.

"அவன்கிட்ட சொன்னா இப்பவே அழுவான். நீ அழமாட்ட, செய்வ. யாருனா எதுத்தாலும் பேசுவ."

"சரி, செய்றேன். மொதல்ல மாங்காய துன்னு" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் நீங்கள் அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வேலை ஒப்படைத்தாகிவிட்டது என்று இருந்துவிட்டீர்கள்.

போன வருஷம், மழைக்காலத்தில், சித்தூரில் சேகர் வீட்டில் மாரடைப்பு. நான் திருப்பதியிலிருந்து போய்ச் சேர்வதற்குள் உங்களை நம் ஊர் வடமாலபேட்டைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சித்தப்பா பந்தலுக்கு ஆள் அனுப்பிவிட்டு வந்து, "கட்டைக்குச் சொல்லிடலாமா?" என்று கேட்டார். சேகர் என்னைப் பார்த்தான். அழுது அழுது அவனுக்குக் குரலே இல்லை. "அக்கா?" என்றான்.

நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

அந்த நேரத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதுதான்: உடம்புக்குள் இனி யாரும் இல்லை, எப்படிச் செய்தாலும் ஒன்றுதான். மனசில் அப்படித்தான் நம்புகிறேன், இன்றும். ஆனால் அதற்காக நான் தலையாட்டவில்லை. சித்தப்பாவிடம் வாதாட வேண்டும், ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டும், படித்த திமிரில் வழக்கத்தை மாற்றுகிறாள் என்பார்கள், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அலுப்பாக இருந்தது. நைனா, அவ்வளவுதான் காரணம். வகுப்பில் ஒரு மாணவன் ஆதாரமில்லாமல் ஏதாவது சொன்னால் அரைமணி நேரம் விடாமல் பேசுகிறவள் நான்.

நம் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. நான் போனேன். யாரும் தடுக்கவில்லை. அங்கே உங்களோடு வேலை செய்தவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள், ரிடையரானவர்களும் காக்கியோடு நேரே டூட்டியிலிருந்து வந்தவர்களும். மழையில் கட்டையெல்லாம் ஈரம். வெட்டியான் அடுக்கியதைப் பார்த்துவிட்டு, நரைத்த மீசைக்காரர் ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னே வந்தார்.

"இப்படி வெச்சா பத்தாதுப்பா. காத்து போவ வழி விடு. அண்ணன் புகைஞ்சிக்கினு கெடக்கக் கூடாது."

எல்லோருமாகச் சேர்ந்து கட்டையைப் பிரித்தார்கள். ஈரமானதை ஒதுக்கினார்கள், காய்ந்ததை அடியில் கொடுத்தார்கள், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து இடைவெளி விட்டார்கள். நெருப்பு எதில் நிற்கும், எதில் ஏறும் என்று அவர்களுக்குத் தெரியும். அதை அணைப்பதற்காகக் கற்றது. அன்றைக்கு உங்கள்மேல் இருந்த பிரியத்தால் அதை மூட்டிக் கொடுத்தார்கள். சேகர் கொள்ளி வைத்தபோது மீசைக்காரர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நன்றாகப் பற்றிக்கொண்டது. அவர்கள் எல்லோரும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள்.

கட்டையைப் பிரித்தபோதுகூட நேரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். அவர்கள் ஒருவேளை என் பக்கம் நின்றிருப்பார்கள்; உங்களுக்கு நெருப்பு பிடிக்காது என்பது அவர்களுக்குப் புரியாமல் போகுமா? நான் பேசவில்லை. அழவும் இல்லை. என்னைப் பற்றி நீங்கள் நினைத்ததில் அது ஒன்றுதான் சரியாக இருந்தது.

இறந்தவருக்குத் தெரியப்போவதில்லை என்றால் நான் யாருக்குத் தவறு செய்தேன்? இதைப் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். கேள்வியில் பிழை இல்லை. இருந்தும் தோப்புக்குப் போனால் அந்தக் கிணற்றுப் பக்கம் நடக்க முடியவில்லை. இந்த வருஷம் காய் இறக்கும்போது, வேலை இருக்கிறது என்று போகாமலே இருந்துவிட்டேன்.

போன வாரம் சேகர் போன் செய்தான். உங்களுக்கு வருஷத் திதி நெருங்குகிறது. சாமான் வாங்குவது, யார் யாரைக் கூப்பிடுவது என்று கொஞ்ச நேரம் பேசினான். பிறகு குரல் மாறியது.

"அக்கா, நைனா கனவுல வர்றாரு. எதிர்லயே உக்காந்துக்கினு கீறாரு, பேசமாட்டேங்கிறாரு. எதுனா கொறை வெச்சிட்டனா நானு? உன்கிட்டதானே மனசு வுட்டுப் பேசுவாரு. எதுனா சொல்லியிருந்தாரா?"

சொல்லிவிடலாம். சொன்னால் எனக்குக் கொஞ்சம் லேசாகும். கனவுக்கு அர்த்தம் கிடையாது என்று சேர்த்தும் சொல்லலாம். ஆனால் நான் செய்தது தலையாட்டியது மட்டும். கொள்ளி வைத்தது அவன். காலையில் மகளுக்குச் சடை பின்னுகிற கை, கடையில் கல்லாவைத் திறக்கிற கை, அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு நினைவு வரும். என்னைப்போல் கேள்வி கேட்டுத் தப்பிக்கவும் அவனுக்குத் தெரியாது.

"ஒண்ணும் சொல்லலடா. நீ எல்லாம் சரியாத்தான் செஞ்ச."

"நெஜமாவா?"

"நெஜமா."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அப்போ சரிக்கா" என்றான். "முன்னாடி நாளே வந்துடு. பசங்க உன்னைக் கேட்டுக்கினே கீதுங்க."

உங்களிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை, நைனா. இனி அவனிடம் சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டும், அவன் எப்போது கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும். அதையாவது ஒழுங்காகச் செய்வேன்.