தோலைத் திருப்பிப் பார்ப்பவர்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆம்பூரில் ஏதோ கலைக் கண்காட்சியாம். நாளை போய்ப் பார்த்து எழுதச் சொல்லி பத்திரிகை ஆபீஸிலிருந்து போன். கோர்ட், தேர்தல், பாலாற்றுக் கழிவு என்று எழுதியே தலை நரைத்தவன் நான். மனைவி பூர்ணிமா சிரித்தாள். "உங்களுக்கு இன்னா தெரியும்னு இதுக்கு அனுப்புறாங்க?"

ஒன்றும் தெரியாது. அதனாலேயே போகவேண்டும் என்று இருக்கிறது.

பிப்ரவரி 4, புதன்

ஓவியமே இல்லை. மூடிக்கிடந்த ஒரு தோல் கிடங்கு. சுவரில் ஏழு தோல்கள், ஒவ்வொன்றும் தொழுகை விரிப்பு அளவில். நெற்றி, உள்ளங்கை, முழங்கால், பாதம் படும் இடங்கள் மட்டும் தேய்ந்து பளபளக்கின்றன. மனித உருவம் எதுவும் இல்லை. தலைப்பு: 'நான்'.

செய்தவர் அஃப்ஸர் ஜஹான். இந்த ஊர்ப் பெண், சென்னையில் கலை படித்தவர். ஆளே இல்லாமல் எப்படி 'நான்' என்று கேட்டேன்.

"தொழுகையில, சஜ்தாவுல நெத்தியத் தரையில வெச்சுக் குனிஞ்சிருக்கும்போது என் மூஞ்சி யாருக்கும் தெரியாது சார், எனக்குக்கூட. அப்போ அங்க இருக்கிறது யாரு? அதத்தான் தேடுறேன்."

குறித்துக்கொண்டேன். புரிந்ததா? பாதி.

'தொட வேண்டாம்' என்று பலகை இருக்கிறது. யார் கேட்கிறார்கள்? வருகிறவர்கள் ஓரத்தை மடிக்கிறார்கள், கட்டைவிரலால் அழுத்துகிறார்கள், முகர்கிறார்கள், கடைசியில் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்க்கிறார்கள். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் சைரா என்ற பெண் அஃப்ஸரிடமே சொன்னாள்: "முன்னாடி எல்லாம் பாலிஷ்மா, ஏமாத்திடும். பின்னாடிதான் உண்மை சொல்லும்."

கிளம்பும்போது அஃப்ஸர் சொன்னார்: "ஊரே வருது சார். எங்க அப்பா வரல."

தந்தை தன்சீல் அகமது, தோல் பதனிடும் டேனரியில் தோலைத் தரம் பிரிக்கும் செலக்‌ஷன் வேலை பார்ப்பவர். தொழுகை அல்லாவுக்கா, செவுத்துக்கா என்று கேட்டுவிட்டு மகளோடு பேச்சை நிறுத்திவிட்டாராம். கண்காட்சி ஞாயிறோடு முடிகிறது.

பிப்ரவரி 5, வியாழன்

செய்தி அனுப்பினேன். 'நான்' என்றால் என்ன, விளக்குங்கள் என்றார்கள் ஆபீஸில். எனக்கும் யாராவது விளக்கினால் நல்லது.

பிப்ரவரி 6, வெள்ளி

மறுபடியும் ஆம்பூர். இந்த முறை யாரும் அனுப்பவில்லை.

அஃப்ஸர் தோல்களைச் சுவரிலிருந்து எடுத்து, கிடங்கின் நடுவே கம்பியில் தொங்கவிட்டிருக்கிறார். "எப்படியும் திருப்பத்தான் போறாங்க. சுத்தி வந்தே பாக்கட்டும்." பின்பக்கம் முழுக்க ஒட்டுகள், கோணல் தையல்கள். மறைத்து வைத்திருந்தவை.

ஜும்மா தொழுகை முடிந்ததும் நல்ல கூட்டம். கூட்டம் கலைந்தபின் அஃப்ஸர் என்னைக் கூப்பிட்ட குரலே சரியில்லை. நடுவில் தொங்கும் தோலின் பின்பக்கத்தில், நீல சாக்பீஸில் ஆங்கில 'ஆர்' எழுத்து. டேனரியில் ரிஜெக்ட் தோலுக்குப் போடும் குறி.

"எங்க அப்பாதான் சார். இப்படி வால் நீட்டி அவருதான் போடுவாரு. கூட்டத்தோட கூட்டமா வந்து, குறி போட்டுட்டுப் போய்ட்டாரு. என்னையே ரிஜெக்ட் பண்ணிட்டாரு." பிறகு, "எல்லாத்தையும் கழட்டப் போறேன்" என்றார்.

நாளைவரை பொறும்மா என்றேன். எதற்குச் சொன்னேன்? செய்திக்காகவா? — இல்லை. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று தெரியவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 7, சனி

டேனரிக்கு எதிர் டீக்கடையில் தன்சீல் அகமதுவைப் பிடித்தேன்.

"அந்தக் குறி நீங்கதானே பாய்?"

மறுக்கவில்லை. கூச்சப்பட்டார். "கை தானா போயிடுச்சு சார். தோல் எதிர்ல வந்தா திருப்புவேன், குறி போடுவேன், அதான் பழக்கம். வெளில வந்து பாக்குறேன், கைல சாக்பீஸ். பேஜாராப் போச்சு."

"ரிஜெக்ட்னு போட்டிருக்கீங்களே?"

"ரிஜெக்ட்தான்! கழுத்துகிட்ட முள்ளுக் கீறல். உண்ணிக் கடி வேற ஜாஸ்தி. அதுல யாரு ஷூ தைப்பாங்க?"

"சரி, பொண்ணு வேலை எப்டி இருந்தது?"

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அவ வேலைய நான் எங்க சார் பாத்தேன்? தோலத்தானே பாத்தேன்."

அங்கிருந்தே அஃப்ஸருக்குப் போன் செய்து சொன்னேன். "கழுத்துகிட்டன்னா சொன்னாரு? அந்தக் கீறலுக்காகத்தான் சார் அதை நடுவுல வெச்சேன்."

பிப்ரவரி 8, ஞாயிறு

அஃப்ஸர் எதையும் கழற்றவில்லை. குறியையும் அழிக்கவில்லை.

சாயங்காலம் தன்சீல் அகமது வந்தார். கூட்டம் இல்லை. வாசல் காவலுக்கு இருந்த சமீருல்லாவிடம் சட்டைப்பையிலிருந்த சாக்பீஸை எடுத்துக் கொடுத்தார். "வெச்சிரு, போகும்போது வாங்கிக்கிறேன்." கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

நடுத் தோலின் முன்பக்கம் நின்றார். அஃப்ஸர் அந்தப் பக்கம் இருந்தார். தோலுக்குக் கீழே அவர் கால்கள் மட்டும் தெரிந்தன. நெற்றி பட்ட இடத்திலிருந்து முழங்கால் பட்ட இடம்வரை தன்சீல் கண்ணாலேயே அளந்தார்.

"இது யாரோட நெத்தி?"

"என்னோடதுதான்ப்பா."

"இவ்ளோ ஒசரமா நீ?"

முதுகுக்குப் பின்னால் தன்சீலின் கை ஒருமுறை அவிழ்ந்தது. மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அடுத்த தோலுக்கு நகர அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. நான் வீடு திரும்பும் வேலூர் பஸ்ஸை விட்டுவிட்டேன்.