கையுறை போதும் என்றேன்

கள்ளிக்குப்பம்
ஞாயிறு மாலை

அன்புள்ள கிருபாகரனுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம், உன் தங்கை நிஷா கையில் கட்டோடு சௌக்கியம், நீயும் அந்தக் கனடா குளிரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம், நீ கூப்பிட்டாலே உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், அதனால்தான் கடிதம்.

நிஷா வேலைக்குச் சேர்ந்த பிறகு ஞாயிறு காலையில் ஸ்கேட்டிங் போகிறாள் அல்லவா, ஹெல்மெட், முழங்கால் பேட் எல்லாம் வாங்கியிருந்தாள். மணிக்கட்டு மடங்காமல் இருக்கக் கெட்டியான பட்டை வைத்த ரிஸ்ட் கார்டு என்று ஒன்று உண்டாம், அது வரும்வரை போகவில்லை என்றாள். நான்தான் கெடுத்தேன். கம்பெனியில் தகரத்தை அழுத்தி வடிவம் செய்யும் பிரஸ் ஷாப்பில் இருபத்தேழு வருஷம் தொழிலாளர் பாதுகாப்பு பார்த்தவனுக்குத் தெரியாதா என்று கம்பெனித் தோல் கையுறையை எடுத்துக் கொடுத்து, இது தகரத்தையே தாங்கும், போட்டுக்கொண்டு போ என்றேன். போனாள். மணலில் சக்கரம் சறுக்கி, விழும்போது கையை ஊன்றிவிட்டாள். உள்ளங்கையில் ஒரு சிராய்ப்பு இல்லை, மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது, ஆறு வாரம் கட்டு. கையுறை தோலைக் காப்பாற்றும், மூட்டு மடங்குவதைத் தடுக்காது. இவ்வளவுதான் விஷயம், எனக்குத் தோன்றவில்லை.

ரிஸ்ட் கார்டு ஏன் போடவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, அவசரத்துல மறந்துட்டேன் சார் என்றாள், என் பக்கம் திரும்பாமலே. அதைக் கேட்டு உன் அம்மா பதினாலு நாளாக அவளைத் திட்டித் தீர்க்கிறாள், ஸ்கேட்ஸை மேல் வீட்டுப் பவித்ராவிடம் கொடுத்துவிடுவேன் என்கிறாள். நிஷா வாயே திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறதடா.

இதுவரை எழுதிய பிறகு உன் அம்மாவிடம் மறைக்க மனசு வரவில்லை, இப்போது அவளிடம் படித்துக் காட்டினேன். இத்தினி நாளா மனசுல வச்சிகினு இன்னாய்யா பண்ணிகினு கீற, பொண்ணாண்ட போய் சொல்லு என்றாள். போனேன். என் தப்புதான் என்று சொன்னதும், அந்த கிளவுசு பத்தாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்பா, நீ ஆசையா குடுத்த, அதான் போட்டுகினேன் என்றாள்.

ஸ்கேட்ஸ் வீட்டிலேயே இருக்கும், கட்டுப் பிரிப்பதற்குள் ரிஸ்ட் கார்டு நான் வாங்கிவிடுவேன். வேளைக்குச் சாப்பிடு, நீயும் மனைவி மக்களும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. நான் சொல்வது தப்பு என்று தெரிந்தால், அப்பா மனசு கஷ்டப்படும் என்று பார்க்காதே, தப்பு என்றே சொல்லிவிடு. உன் தங்கையிடமும் இதையே சொன்னேன்.

உன் அப்பா
சம்பந்தம்