பன்னீர் தெளித்த கொம்பியூட்டர்

பதுளை
17.11.2002

அன்பு மகள் விஜிதாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். நீயும் மருமகன் கிஷாந்தனும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் நல்லூரானிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்கே அலுத்துப்போயிருக்கும்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. விசா வந்ததா, எந்தத் தேதிக்கு டிக்கற் போடுவது என்று தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் கேட்டிருக்கிறாய். விசா வந்துவிட்டது. டிக்கற் விஷயத்தைக் கடைசியில் எழுதுகிறேன். தாண்டிப் போய்ப் படிக்காதே, முதலில் இங்கே நடந்ததைக் கேள்.

மழை விடவில்லை. அப்பா கண்மூடிய பிறகு இந்தக் குவாட்டர்ஸில் ரேடியோ மட்டும்தான் பேசுகிறது. சமையல் நிகழ்ச்சியைக்கூட முழுதாகக் கேட்கிறேன், ஆனால் ஒருத்திக்காக அடுப்பு மூட்டத்தான் மனம் வருவதில்லை. பாதி நாள் பாணும் சம்பலும்தான். இதைப் படித்துவிட்டு ரெலிபோனில் சத்தம் போடாதே.

எங்கள் மாகாணத்தில் எந்தப் பாடசாலைக்குக் கொம்பியூட்டர் கொடுப்பது, பழுதானால் யார் பொறுப்பு என்று விதி எழுத ஒரு குழு போட்டதைச் சொன்னேனல்லவா? அதில் தமிழ்ப் பாடசாலைகளுக்காக உட்கார்ந்திருக்கும் கல்வி அதிகாரி நான் ஒருத்திதான். தனி அறை, இரும்புக் கதவு, பயிற்சி பெற்ற ஆசிரியர் எல்லாம் இருந்தால்தான் தருவோம் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பும் நடக்கிற தேயிலைத் தோட்டப் பாடசாலை இரும்புக் கதவுக்கு எங்கே போகும்? கெஞ்சியும் சண்டை பிடித்தும், நமுனுகுலப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்குப் பரீட்சார்த்தமாக ஒன்றே ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதை ஜீவராணி என்ற ஆசிரியையிடம் ஒப்படைத்தார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அதே பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பிக்க வந்தவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

போன மாதம் சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களை அடுக்கி, பக்கத்தில் கொம்பியூட்டரையும் வைத்து, மாலையும் சந்தனப் பொட்டும் போட்டிருக்கிறார்கள். மறுநாள் விஜயதசமி. அடுத்த தையில் பள்ளிக்கு வரப்போகிற சின்னஞ்சிறுசுகளுக்கு ஏடு தொடக்கினார்கள். அரிசியில் எழுதி முடிந்ததும், ஜீவராணி ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பிடித்துக் கொம்பியூட்டரிலும் ‘அ’ என்று அழுத்த வைத்தாளாம். திரையில் எழுத்து வந்ததைப் பார்த்து, அன்று கொழுந்து எடுக்கப் போகாமல் நின்ற தாய்மாரெல்லாம் அழுதுவிட்டார்களாம். அந்தச் சந்தோஷத்தில் பூசாரி பன்னீர்ச் செம்பை எடுத்துப் பிள்ளைகளுக்குத் தெளித்தார், சரஸ்வதிக்குத் தெளித்தார், கொம்பியூட்டருக்கும் கையை இறுக்காமல் தெளித்துவிட்டார். ஒரு சத்தம், கொஞ்சம் புகை. அவ்வளவுதான்.

ஏசுவதற்கென்றே போனேன். ஜீவராணி, “எல்லாப் புத்தகத்தையும் சாமிகிட்ட வைக்கிறோம் மிஸ், இத மட்டும் எப்படிங்க வெளிய வைக்கிறது?” என்று கேட்டாள். ஏசாமலே பஸ் ஏறிவிட்டேன். அவளை வேலையிலிருந்து நிறுத்தும்படி குழுவிலிருந்து மேலிடத்துக்கு ஏற்கனவே எழுதிவிட்டார்கள் என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது.

போன கிழமை குழு கூடியது. பொட்டு வைத்த கொம்பியூட்டரின் படத்தைக் கைக்குக் கை மாற்றிச் சிரித்தார்கள். கும்பிடுகிறவர்களுக்குச் சாமிப் படம் போதுமே, மெஷின் எதற்கு என்றார் ஒருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், நம் அலுவலகத்துக்குக் கொம்பியூட்டர் வந்த அன்று குத்துவிளக்கேற்றி, பிக்குவை அழைத்துப் பிரித் ஓதி நூல் கட்டியதை எல்லோரும் மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். அந்த நூல் இன்னும் அதில்தான் இருக்கிறது. கிளார்க் ஜுனைதீனைத் தவிர அதை யாரும் தொடுவதும் இல்லை என்றேன். சிரிப்பு நின்றது.

தலைவர் கெட்ட மனிதரில்லை. தோட்டப் பாடசாலைகளுக்கும் கொடுக்கலாம், பழுதானால் ஆசிரியர் மேல் நடவடிக்கை இல்லை என்றும் விதியில் சேர்க்கலாம், அந்தப் பெண்ணையும் விட்டுவிடலாம் என்றார். ஆனால் முதல் வருடத்துக்கு ஓர் அதிகாரி தன் பெயரில் எல்லாவற்றையும் பொறுப்பெடுக்க வேண்டும், யார் எடுப்பது என்று கேட்டார். ஒருவரும் நிமிரவில்லை. “என் பெயரை எழுதுங்கள்” என்றேன்.

வெளியே வந்தபோது ஜுனைதீன் பின்னாலேயே ஓடிவந்தார். அரசாங்கச் சாமான் உங்கள் பெயரில் இருக்கும்வரை வெளிநாட்டு லீவு தரமாட்டார்களே மிஸ், மகளிடம் போக வேண்டுமே என்றார். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று உனக்கு எழுதினால் அது பொய். வாயைத் திறக்கும்போதே உன் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. பிறகு மற்ற அதிகாரிகளிடமெல்லாம் போய், பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார்த்துவிட்டேன். தேநீர் மட்டும் தந்தார்கள்.

ஆகவே, மகளே, டிக்கற் போட வேண்டாம். என்னால் வர முடியாது.

பிரசவச் சரக்கை நானே வறுத்து இடித்துப் பொதி செய்துவிட்டேன். தூளின் மணம் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. கொழும்பிலிருந்து அங்கே வருகிற கிஷாந்தனின் சிநேகிதரிடம் கொடுத்தனுப்புகிறேன். கரண்டியால் அளக்கத் தேவையில்லை, பிள்ளை பெற்ற பிறகு உனக்குச் சமைக்கிற கறிக்கு மருமகனின் கையால் ஒரு பிடி போதும். குளிர் தண்ணீர் குடிக்காதே. காதுக்குப் பஞ்சு வை.

தலைப் பிரசவத்துக்குத் தாய் வரவில்லை என்று அங்கே சனம் கதைக்கும். கதைக்கட்டும். நீ என்ன நினைப்பாய் என்பதுதான் எனக்குக் கவலை. முன்பின் தெரியாத பிள்ளைகளுக்காக என் பிள்ளையை விட்டுவிட்டேனா என்று நானே என்னைக் கேட்கிறேன். பதில் சொல்ல இந்த வீட்டில் ஆளில்லை.

வலி எடுக்கும்போது எல்லாப் பெண்களும் அம்மா என்றுதான் கத்துவார்கள். நீ பிறந்தபோது நானும் கத்தினேன், என் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றா. உனக்கு அந்த நேரத்தில் என் மேல் கோபம் வந்தால், கோபத்தோடேயே கூப்பிடு மகளே. கூப்பிடாமல் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்துவிடாதே.

தாய் வேறு பிள்ளை வேறாக, இருவரும் நலமாக எழும்ப வேண்டும்.

உன் அம்மா,
குணமணி